இல்லங்களில் பழங்கணினிச் சேகரிப்பு: தொடக்ககாலத் தமிழ் மின்னாவணங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தனியார் இல்லங்களில் பேணப்படும் பழங்கணினிகளும் நெகிழ்வட்டுகளும் தமிழ்க் கணிமையின் தொடக்ககாலச் சான்றுகளாக அமையத்தக்கவை. அவற்றைப் பேணும் முறையையும் அடுக்கும் முறையையும் தமிழ்க் குறியாக்க வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பொருள்வகையால் பிரிப்பதினும் மூலத்தொகுதி குலையாமல் காப்பதே தமிழ் ஆவணங்களுக்கு ஏற்றது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பழங்கணினி, நெகிழ்வட்டு, எழுத்துரு, குறியாக்கம், மூலத்தொகுதி.

முன்னுரை

பழந்தமிழ் நூல்கள் அச்சேறும் முன்னர் ஓலைச்சுவடிகளாகப் புலவர் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்தன. உ.வே. சாமிநாதையர் (1855–1942) அவற்றை ஊர்தோறும் தேடித் திரட்டினார். ஓலையில் உள்ளதைப் பயிற்சியுடையோர் கண்ணாலேயே படித்துவிடலாம். நெகிழ்வட்டில் உள்ளதைப் படிக்கவோ உரிய இயக்கி, மென்பொருள், எழுத்துரு ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று பிரிந்தாலும் ஆவணம் வாயடைத்துப்போகும்.

குறியாக்கப் பின்புலம்

ஐபிஎம் தனிநபர் கணினி 1981இலும் ஆப்பிள் மெக்கின்டாஷ் 1984இலும் வெளிவந்தன. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு’ ஆகியன 1980களின் நடுப்பகுதியில் தோன்றின. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு 1990களில் பரவியது. இக்காலத்தில் எழுத்துருதோறும் குறியாக்கம் வேறுபட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய தரங்கள் வகுக்கப்பட்டன. திஸ்கி என்பதும் வழக்கிலிருந்தது.

இக்குறியாக்கங்கள் பலவற்றில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதியப்பட்டன. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலும் நிற்கும். ஒருங்குறியிலோ ககரத்தின் பின்னரே உயிர்க்குறி வரும். எனவே, உரிய எழுத்துருவை இழந்த கோப்பு திரையில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே தோன்றும். மாற்றி எழுதுவதற்கும் எக்குறியாக்கம் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

பேணும் முறை

கணினிக்கு நேரும் கேடு பெரும்பாலும் அதன் உள்ளிருந்தே தொடங்குகிறது. தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட நிக்கல்–காட்மியம் மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரிக்கும். ஆதலின் அதனை நீக்குதல் நன்று. ஆயின் 286, 386 வகைக் கணினிகளில் வன்வட்டின் அளவைகள் அம்மின்கலத்தின் துணையால்தான் நினைவில் நிற்கின்றன. நீக்கும் முன்னர் அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். படக்குழாய்த் திரையில், மின்னிணைப்பை நீக்கிய பின்னரும், உயரழுத்த மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். பயிற்சியற்றோர் அதனைத் திறத்தல் தகாது.

வெப்பமும் ஈரமும் மிக்க கடலோர ஊர்களில் நெகிழ்வட்டுகளில் பூஞ்சை பிடித்தல் எளிது. பூஞ்சை படிந்த வட்டை இயக்கியில் இட்டால் காந்தப்பூச்சு உராய்ந்து பதிவு அழியும். அடுத்து இடப்படும் வட்டும் கெடும். சமையலறை, வெளிச்சுவர், ஒலிபெருக்கி ஆகியவற்றிற்கு அப்பால், தரையினின்று உயர்ந்த அடுக்கில் வட்டுகளை நிமிர்த்தி வைத்தல் வேண்டும். படிக்கும் முன்னர் எழுதுதடை இடுதல் இன்றியமையாதது: 5.25 அங்குல வட்டில் விளிம்புப் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மூட வேண்டும், 3.5 அங்குல வட்டில் துளையைத் திறந்துவைக்க வேண்டும்.

அடுக்கும் முறை

சேகரிப்போர் பலர் கணினிகளை ஓரிடத்திலும் வட்டுகளை அளவுவாரியாக வேறிடத்திலும் கையேடுகளைப் பிறிதோரிடத்திலும் வைப்பர். இடம் மிச்சமாகும், சான்று சிதையும். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் 3.5 அங்குல வட்டுகளுள், தொடக்ககால மெக்கின்டாஷின் 400, 800 கிலோபைட் வட்டுகளை ஐபிஎம் வகைக் கணினியின் இயல்பான இயக்கி படிக்காது. எக்கணினியோடு வந்தது என்ற குறிப்பே இங்கு வழிகாட்டி.

ஆவணவியலில் மூலத்தொகுதியை மதித்தல் என்னும் நெறி 1841இல் பிரான்சில் வகுக்கப்பட்டது; மூலவரிசையைக் காத்தல் என்பதை 1898இல் வெளிவந்த டச்சுக் கையேடு வலியுறுத்தியது. இந்நெறிகள் இல்லச் சேகரிப்புக்கும் பொருந்தும். ஒருவரிடமிருந்து பெற்றவை அனைத்திற்கும் ஒரே தொகுதி எண் இட்டு, உறையில் உள்ள கையெழுத்துக் குறிப்பையும் படமெடுத்துப் பதிய வேண்டும். பெரிய பொருள்கள் வேறிடத்தில் இருக்க நேரினும் பதிவேடு அவற்றை ஒன்றாகக் காட்டும். வட்டின் முழுப்படிமத்தை எடுத்து, மூலக்கோப்பை மாற்றாமல் வைத்து, ஒருங்குறிப் படியைத் தனியே ஆக்குதல் தகும்.

முடிவுரை

சுவடி சிதைவதற்கு முன்னர்ப் படியெடுத்த மரபு தமிழருக்குப் புதிதன்று. காந்தப்பதிவின் ஆயுள் ஓலையினும் குறுகியது. ஆகவே படியெடுப்பும் விரைந்து நிகழ வேண்டும். தொகுதி குலையாத இல்லச் சேகரிப்பிலிருந்து தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த காலத்தின் எழுத்துருவையும் உரையையும் ஒருங்கே மீட்கலாம். குலைந்த சேகரிப்பில் எஞ்சுவது பழம்பொருள் மட்டுமே.