பிறின்ஸ்ரன் மாணவரின் சொற்களமும் ஆடுகளமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 1746ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நியூ யேர்சிக் கல்லூரி, 1896ஆம் ஆண்டிலேயே பிறின்ஸ்ரன் சர்வகலாசாலை என்னும் பெயரை எய்தியது. அதற்கு முந்திய முப்பதாண்டுகளில் அங்கு மாணவர் வாழ்க்கை அடைந்த மாற்றமோ பெயர் மாற்றத்தினும் பெரிது. சொல்வன்மையையே பெருமையெனக் கொண்டிருந்த மாணவர் உலகு, உடல்வன்மையைக் கொண்டாடும் உலகாயிற்று. அம்மாற்றத்தைச் செய்தோரும் பெரும்பாலும் மாணவரே.

ஸ்கொத்துலாந்தைச் சேர்ந்த தத்துவ அறிஞர் யேம்ஸ் மக்கோஷ் 1868இல் தலைவராக வந்தபோது, கல்லூரி நூல்நிலையம் வாரத்தில் ஒரு மணி நேரமே திறந்திருந்தது. மாணவர் விரும்பிப் படித்த நூல்கள் விக், கிளியோ என்னும் இரு சங்கங்களிடமே இருந்தன. 1769, 1770ஆம் ஆண்டுகளில் தோன்றிய இச்சங்கங்களின் கதவுகள் பிறருக்குத் திறவா. ஒன்றின் நடவடிக்கையை மற்றையது அறியலாகாது. உள்ளே சொற்போர், கட்டுரை வாசிப்பு, சபை ஒழுங்கு ஆகியவற்றை மாணவர் தாமே ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். குற்றத்திற்குத் தண்டமும் தாமே விதித்தனர். வகுப்பறையில் மனனம் செய்து ஒப்புவித்த பிள்ளைகள் இங்கே சிந்திக்கப் பழகினர் எனல் மிகையாகாது.

பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியாகிய வூட்றோ வில்சன் 1875 முதல் 1879 வரை இங்கு பயின்றவர், விக் சங்கத்தவர். அது போதாதென்று, பிரித்தானியப் பாராளுமன்றத்தைப் பின்பற்றி 1877இல் வேறொரு விவாதக் கழகத்தையும் அமைத்தார். பரிசு விவாதம் ஒன்றிலே, சீட்டெடுப்பில் தம் கொள்கைக்கு மாறான பக்கம் கிடைக்கவே, அவர் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். நெஞ்சறிந்து பொய் வாதாட மறுத்த அவ்விளைஞரைப் பாராட்டவே தோன்றுகின்றது. எனினும், எதிரியின் கருத்தை அவனினும் திறமாக எடுத்துரைக்கும் பயிற்சியை அவர் இழந்தார் என்பதையும் மறைத்தற்கில்லை. இவரே உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார்! சொற்களமும் ஆடுகளமும் அன்று பகைப்புலங்களாகவில்லை.

ஆடுகளத்தின் வரலாறு 1869 நவம்பர் 6ஆந் திகதி றட்கேர்ஸ் கல்லூரியுடன் ஆடிய உதைபந்தாட்டத்தோடு சிறப்புறத் தொடங்குகின்றது. பக்கத்துக்கு இருபத்தைவர் ஆடினர்; பிறின்ஸ்ரன் ஆறுக்கு நான்காகத் தோற்றது. அடுத்த வாரம் எட்டுக்குப் பூச்சியமாய் வென்று பழிதீர்த்தது. விதிகளை வகுத்தோர் ஆசிரியரல்லர், மாணவத் தலைவர்களே. மக்கோஷும் தேகாப்பியாசத்தை வெறுத்தவரல்லர். புதிய தேகாப்பியாச மண்டபத்துக்குப் பொறுப்பாளராய் வந்த யோர்ச் கோல்டி என்னும் ஸ்கொத்தர், தம் தாயகத்து வழக்கப்படி 1873இல் ஓட்டம், பாய்தல், எறிதல் முதலியன கொண்ட மெய்வல்லுநர் போட்டியை ஆரம்பித்தார்.

இதன் பயன் 1896 ஏப்பிரலில் அதென்ஸ் நகரில் தெரிந்தது. வரலாற்றுப் பேராசிரியர் ஸ்லோன் ஊக்க, மாணவர் நால்வர் முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றனர். அவர்களுள் றொபேட் கரெற் என்பவர், பண்டைக் கிரேக்கரின் தட்டு இவ்வாறிருந்திருக்குமென்று கருதி ஒரு தட்டைச் செய்வித்தார். அது முப்பது இறாத்தல் எடையிருந்தது என்பர். எறிய இயலாது கைவிட்டார். அதென்சில் உண்மைத் தட்டு ஏறக்குறைய இரண்டு கிலோகிராமே எனக் கண்டு, துணிந்து இறங்கி, 29.15 மீற்றர் எறிந்து கிரேக்கரை அவர்கள் மண்ணிலேயே வென்றார். குண்டெறிதலிலும் முதலிடம் பெற்றார்.

விவாதமும் ஆட்டத்தின் கோலத்தைப் பூண்டது. 1892 சனவரியில் ஹாவாட்டும் யேலும் மேடையில் எதிர்த்து நின்றன; விரைவில் பிறின்ஸ்ரனும் இவ்வணியிற் சேர்ந்தது. பூட்டிய அறையில் தோழர் தோழரைத் திருத்திய கலை, சபையோர் காண வெற்றி தோல்வி பார்க்கும் கலையாயிற்று. கேட்போர் பெருகினர், ஆயின், பேசுவோர் மிகச் சிலராய்ச் சுருங்கினர். இதனை வளர்ச்சியென்று மட்டும் கூற என் மனம் ஒருப்படவில்லை.

இவ்வளவு சுதந்திரமும் வெள்ளை ஆடவர்க்கே உரியதாயிருந்தது. கறுப்பினத்தவர் 1940களிலும் பெண்கள் 1969இலுமே அங்கு இளநிலை மாணவராக இடம்பெற்றனர். சங்கங்களின் செல்வாக்குத் தளரத் தொடங்கிய 1890களிலேதான், கிரேக்கக் கோயில்களை ஒத்த சலவைக்கல் மண்டபங்கள் இரண்டு அவற்றுக்கென எழுந்தன. இரு சங்கங்களும் பின்னர் ஒன்றாயின. விக் மண்டபத்தில் இன்றும் விவாதம் நடைபெறுகின்றது.