டபுள் என்றால் டபுள் அல்ல!

பிரிட்ஜ் சீட்டாட்டத்தோட ஏலத்துல மொத்தமே 38 வார்த்தைகள்தான். ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். ஒவ்வொரு எண்ணோடும் கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட், துருப்பே இல்லாத நோட்ரம்ப் என்று ஐந்து வகை. ஆக 35. மிச்சம் பாஸ், டபுள், ரீடபுள். இதைத் தாண்டி எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் ஒரு சொல் பேசக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது, கனைக்கக்கூடாது. கையில் இருக்கிற 13 சீட்டைப் பற்றி இந்த 38 சொல்லை வைத்துத்தான் கதை சொல்லியாகணும்.

இந்த 38ல் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் டபுள். காரணம், இது நூறு வருஷத்துல தன் அர்த்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தொலைச்ச சொல். பிரிட்ஜ் பக்கமே போகாதவங்களும் பயப்படாம படிக்கலாம். கணக்கு கொஞ்சம் வரும், அவ்வளவுதான் :-)

முதலில் நேர் அர்த்தம். மொத்தம் 13 பிடி. '4 இஸ்பேட்' என்று கேட்டால் ஆறுக்கு மேல் நாலு, அதாவது பத்துப் பிடி எடுக்கிறேன் என்று சவால். எடுக்க முடியாதுன்னு எதிராளி நினைச்சா 'டபுள்' என்பார். மூணு பிடி குறைஞ்சா சாதாரணமா 150 புள்ளி அபராதம், டபுள் சொல்லியிருந்தா 500. அந்த ஆட்டத்தில் அபராதம் கூடுதலாக இருக்கும் 'வல்னரபிள்' அணி என்றால் 300க்குப் பதில் 800. சுருக்கமா, "உன்னால முடியாது, பந்தயம் ரெண்டு மடங்கு!" 1886ல் ஜான் காலின்சன் லண்டனில் வெளியிட்ட 'பிரிட்ச் அல்லது ரஷ்ய விஸ்ட்' என்ற குட்டிக் கையேட்டிலேயே இந்த டபுள் இருக்கு. அப்போது அது சுத்தமான சூதாட்டச் சொல். வேறு எந்த உள்ளர்த்தமும் கிடையாது.

அப்புறம் ஆக்‌ஷன் பிரிட்ஜ் வந்தது. நாலு பேரும் மாறி மாறி ஏலம் கேட்கும் ஆட்டம். அங்கேதான் சிலருக்குப் பொறி தட்டியது. எதிராளி '1 ஆட்டின்' என்று ஆரம்பிக்கிறார். ஏழு பிடி எடுத்தால் போதும். இதுக்குப் போய் யாராவது "உன்னால முடியாது" என்பார்களா? அப்படியே சொன்னாலும் அவர் வேறு வகைக்கு ஓடிவிடுவார். ஆக, ஏலத்தின் ஆரம்பத்தில் டபுள் என்ற சொல் சும்மா கிடக்கு. பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, யாருமே பயன்படுத்தாத ரிசர்வ்ட் பிட்!

1912-13 வாக்கில் அமெரிக்காவில் ரெண்டு பேர் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். செயின்ட் லூயிஸில் பிரையன்ட் மெக்கேம்ப்பெல், நியூயார்க்கில் மேஜர் சார்லஸ் பேட்டன். அவர்கள் தந்த புது அர்த்தம்: "கூட்டாளி, என் கை நல்ல கை. எதிராளி சொன்ன வகை என்னிடம் கம்மி, மத்த வகையெல்லாம் இருக்கு. உனக்கு எது நீளமோ அதைச் சொல்லு." இதுதான் இன்றைய டேக்அவுட் டபுள்.

எல்லாரும் கைதட்டிவிடவில்லை. அபராதம் என்று சட்டப் புத்தகம் சொல்லும் ஒரு சொல்லுக்கு நீங்களா ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வது ரகசியக் குறியீடு இல்லையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு பிரிட்ஜ் கண்டெடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சொல்லுக்கு நீங்களும் கூட்டாளியும் விதிகள் அனுமதிக்கிற எந்த அர்த்தமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அர்த்தம் எதிராளிக்கும் தெரிந்திருக்கணும். அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லணும். தப்பு குறியீட்டில் இல்லை, ரகசியத்தில்தான்.

1925ல் ஹெரால்ட் வாண்டர்பில்ட், லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானா போன கப்பலில் புதுப் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். கான்ட்ராக்ட் பிரிட்ஜ் பிறந்தது. முன்பெல்லாம் ஏலத்தில் கம்மியாகக் கேட்டுவிட்டு அதிகப் பிடி எடுத்தாலும் 'கேம்' கணக்கில் சேர்ந்துவிடும். இனி கேட்டால்தான் கிடைக்கும். எல்லாரும் துணிந்து மேலே மேலே கேட்க ஆரம்பித்தார்கள். ரெண்டு டபுளுக்கும் வேலை கூடியது. எது எது என்று பிரிக்க ஒரு விதி தேவைப்பட்டது. அந்தக் காலப் பாடம் இது: கீழ் மட்டத்தில், ஒரு வகையின் மேல், முதல் வாய்ப்பிலேயே, கூட்டாளி இன்னும் எதுவும் கேட்காதபோது சொன்னால் டேக்அவுட். மற்றதெல்லாம் அபராதம்.

அழகான விதி. ஆனால் ரெண்டு பக்கமும் கரையான் அரிச்சுது.

முதல் அரிப்பு மேல் மட்டத்தில். 1929ல் தியடோர் லைட்னர் ஒரு கணக்கு போட்டார். இன்றைய புள்ளிகளில் சொல்கிறேன். எதிராளி பன்னிரண்டு பிடி வேண்டிய '6 ஆட்டின்' கேட்கிறார். நல்ல ஆட்டக்காரர் இவ்வளவு தூரம் போனால், தோற்றாலும் ஒரு பிடியில்தான் தோற்பார். டபுள் சொன்னால் 50க்குப் பதில் 100. லாபம் வெறும் 50! ஜெயித்துவிட்டாலோ 980க்குப் பதில் 1210 கொடுக்கணும். இப்படி ஒரு பந்தயத்தை யார் கட்டுவார்? அதனால் லைட்னர் அர்த்தத்தை மாற்றினார்: "கூட்டாளி, வழக்கமா இறக்குற சீட்டை இறக்காதே. எதிர்பாராத வகையில் ஆரம்பி." பெரும்பாலும் டபுள் சொன்னவர் கையில் அந்த வகையே இருக்காது, துருப்பால் வெட்டிவிடுவார். இப்போது பந்தயம் 50 புள்ளி இல்லை. 980 கொடுக்க வேண்டிய இடத்தில் 100 வாங்கலாம்!

ரெண்டாவது அரிப்பு இன்னும் பெரிசு. கூட்டாளி '1 டைமன்' என்கிறார், எதிராளி '1 இஸ்பேட்' என்று குறுக்கே வருகிறார். உங்களிடம் நாலு ஆட்டின், சுமாரான கை. '2 ஆட்டின்' சொல்ல ஐந்து சீட்டும் இன்னும் பலமும் வேணும். பாஸ் சொன்னா ஆட்டின் காணாமல் போகும். டபுள்? கூட்டாளி ஏற்கெனவே வாய் திறந்துவிட்டதால் பழைய விதிப்படி அது அபராதம். ஆனா '1 இஸ்பேட்'டை அடித்து நொறுக்கும் கை எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்? இந்தச் சுமாரான கையோ அடிக்கடி வரும்.

1957ல் ஆல்வின் ராத், தன் கூட்டாளி டோபியாஸ் ஸ்டோனோடு சேர்ந்து அந்த விதியையே தூக்கிப் போட்டார். அந்த இடத்து டபுளுக்கு இனி "சொல்லாத வகை என்னிடம் இருக்கு" என்று அர்த்தம். அந்த அக்டோபரில்தான் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியிருந்தது. ஆகவே இதற்கும் பெயர் ஸ்புட்னிக் டபுள்! இன்று நெகட்டிவ் டபுள் என்கிறோம்.

சரி, நிஜமாகவே அடித்து நொறுக்கும் கை வந்தால்? இங்கேதான் நான் அசந்துபோனேன். பேசாமல் பாஸ் சொல்லணும். சுற்றி வரும்போது, இஸ்பேட் கம்மியாக உள்ள கூட்டாளி தானே டேக்அவுட் டபுள் சொல்வார். அதற்கும் நீங்கள் பாஸ். முடிஞ்சது கதை, எதிராளி டபுளில் மாட்டிக்கொண்டார். பழைய அர்த்தம் சாகவில்லை, ரெண்டு படியாகப் பிரிந்து வேறு வாசல் வழியாக உள்ளே வருது. பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டின்னா இதுதான்!

அப்போ இன்றைக்கு எது அபராதம்? பெரும்பாலான ஜோடிகள் ஒத்துக்கொள்ளும் இடங்கள் சில:

- நாம் ஜெயிக்கிற கைகளோடு கேம் கேட்டபின், அதைத் தடுக்க எதிராளி தெரிந்தே தோற்கும் ஏலம் கேட்டால்.
- எதிராளியின் டபுளை நாம் பலத்தோடு ரீடபுள் செய்தபின், அவர்கள் ஓட ஓட நாம் சொல்லும் டபுள்கள்.
- கூட்டாளி ஒரே வகையை நீளமாக வைத்து மூணு, நாலு என்று எகிறிக் கேட்டபின் நாம் சொல்வது.
- கூட்டாளி ஏற்கெனவே ஒரு டபுளை அபராதமாக மாற்றியபின் வருவது.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாலுக்கும் அடியில் ஒரே விஷயம்தான். கூட்டாளியின் கை எனக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தால் தீர்ப்பு சொல்லலாம், அது அபராதம். தெரியாவிட்டால் கேள்விதான் கேட்கணும், அது டேக்அவுட்.

இதையெல்லாம் குரலை வைத்தே காட்டிய புண்ணியவான்களும் உண்டு. மேஜை அதிர "டபுள்!" என்றால் அபராதம், கெஞ்சலாக "டபுள்..." என்றால் கேள்வி. ஏலப் பெட்டி அதற்கும் ஆப்பு வைத்தது. பெருக்கல் குறி போட்ட ஒரு சிவப்பு அட்டையைச் சத்தமில்லாமல் எடுத்து வைக்கணும், அவ்வளவுதான்.

இத்தனை மாறியும் சட்டப் புத்தகத்தில் டபுளுக்கு இன்றைக்கும் புள்ளி கூடும் என்ற ஒரே வேலைதான். மத்ததெல்லாம் ரெண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. அதனால்தான் புதுக் கூட்டாளி கிடைத்தால் வேறு எதைப் பேசாவிட்டாலும் டபுளைப் பேசிவிடுங்கள். ஒருவர் கேள்வி கேட்டதை மற்றவர் தீர்ப்பு என்று நினைத்தால் '2 இஸ்பேட்' கேட்ட எதிராளி 110க்குப் பதில் 470 வாங்கிக்கொண்டு சிரிப்பார். அந்த 360 புள்ளி, எதிராளி திறமையால ஜெயிச்சது இல்லை, நாம பேசி வெச்சுக்காததுக்குக் கட்டுற வட்டி.