பல்லிழப்பும் செயற்கைப் பல்லும்: வட சிலாங்கூர் தோட்டச் சமூகம்

பல்லிழப்பு என்பது சொத்தை, ஈறு நோய், விபத்து போன்றவற்றால் நிலைப்பற்கள் விழுந்துவிடுவதோ பிடுங்கப்படுவதோ ஆகும். அவற்றுக்கு ஈடாகப் பொருத்தப்படுபவை செயற்கைப் பற்கள்; பேச்சு வழக்கில் பொய்ப்பல், பல்செட். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் ஒரு பல்கூட இல்லாதவர்கள். வயதானால் பல் போகும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பல்லைப் பறிப்பது நோய்தான், முதுமை அல்ல. மலேசியாவின் வட சிலாங்கூர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களின் வாய்நலத்தைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே அடிப்படை.

இடமும் பின்னணியும்

கெர்லிங், உலு சிலாங்கூர் மாவட்டத்தில் கோல குபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே உள்ள சிற்றூர். இப்பகுதியிலும் மேற்கே கோல சிலாங்கூரிலும் முதலில் ரப்பர்த் தோட்டங்களும் பின்னர் செம்பனைத் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளர்களின் வாழிடமாயின. தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரெஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான். இவர்களின் தகுதியை முறைப்படுத்த 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் டிரெஸ்ஸர் மருந்து தந்தார். பல் கட்டுவதற்குப் பட்டணம் போக வேண்டியிருந்தது. நாட்கூலிக்காரருக்குப் பட்டணம் போகும் ஒவ்வொரு நாளும் சம்பள இழப்பு. பல்லைக் காப்பாற்றப் பல தடவை அலைய வேண்டும். பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் வலி தீரும்.

பினாங்கில் 1949இல் தொடங்கிய பல் தாதியர் பயிற்சிப் பள்ளி, பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் சேவைக்கு வழி திறந்தது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் தேசியத் திட்டம் 1972இல் வந்தது. ஆனால் பல தோட்டங்கள் நெடுங்காலம் சொந்த நீர் வழங்கலையே நம்பியிருந்தன. இன்றைய முதியவர்களில் பலர் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாமல் வளர்ந்தவர்கள்.

காரணங்கள்

சொத்தை பல்லை அரிக்கிறது. ஈறு நோய் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. நீரிழிவு ஈறு நோயை முற்றச் செய்யும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியரில் வயது வந்தோரிடையே நீரிழிவு 31.4 விழுக்காடாக இருந்தது. நாட்டின் அளவு 18.3 விழுக்காடு. புகைபிடிப்பதும் ஈற்றைக் கெடுக்கும். வெற்றிலை போடுவோருக்குப் பாக்கு பல்லின் தலையைத் தேய்க்கிறது, சுண்ணாம்பு காறையாகப் படிந்து ஈற்றைப் புண்ணாக்குகிறது. கரியாலும் சாம்பலாலும் பல் துலக்கும் பழைய வழக்கம் ஈற்றோரத்தில் பல்லைத் தேய்த்துப் பள்ளமாக்கியது.

விளைவுகள்

கடைவாய்ப் பற்கள் போனதும் உணவு மாறுகிறது. கோழிக்கறி, கீரைத்தண்டு, பச்சைக் காய்கள், கொய்யாப்பழம் தட்டிலிருந்து விலக, கஞ்சியும் தேநீரில் நனைத்த ரொட்டியும் மிஞ்சுகின்றன. மாவுச்சத்து கூடி நார்ச்சத்தும் புரதமும் குறைகின்றன. நீரிழிவுள்ளவருக்கு இது கூடுதல் தீங்கு. நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டு ஒலிக்கும் த, ந ஆகிய எழுத்துகள் குழறும். பல் போன இடத்தில் தாடையெலும்பு முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கரையும். 1972இல் ஆய்வாளர் டால்கிரென் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கரைவதைக் காட்டியது.

பல்லில்லாத முதியவர்களில் பலர் வெற்றிலையை விடுவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு உரலில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பை இடித்து, விழுதாக வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். பல்லின் வேலையை உரல் ஏற்றுக்கொள்வதால் வாய்க்கு வரும் தீங்கு குறையாமல் தொடர்கிறது.

வகைகள்

எல்லாப் பற்களும் போனவருக்கு முழு பல்செட். சில பற்கள் எஞ்சியவருக்குப் பகுதி பல்செட். பகுதி பல்செட்டை அக்ரிலிக்கிலோ கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டத்திலோ செய்வர். பக்கத்துப் பற்களைச் செதுக்கி அவற்றின் மேல் ஒட்டுவது பாலம். எலும்பில் டைட்டானியம் திருகு பதிக்கும் முறை, 1965இல் சுவீடனில் பிரனேமார்க் முதல் நோயாளிக்குச் செய்ததிலிருந்து வளர்ந்தது. வழுக்கும் கீழ்ச்செட்டை இரண்டு திருகுகளில் நிறுத்துவதே முதல் தெரிவாக வேண்டும் என்று 2002இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். செலவு காரணமாக, தோட்டத்து முதியவர்களுக்கு அக்ரிலிக் செட்டே பெரும்பாலும் எட்டக்கூடியது.

பால்மரமும் பல்செட்டும்

1851இல் நெல்சன் குட்இயர் கடினரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைட் எனப்பட்ட இப்பொருள் தங்கத்தையும் தந்தத்தையும்விட மிக மலிவானதால், எளிய மக்களும் பல் கட்டிக்கொள்ள முடிந்தது. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வரும்வரை செட்டுகளின் அடித்தட்டு பெரும்பாலும் ரப்பர்தான். முதல் உலகப் போர்க் காலத்துக்குள் உலக ரப்பரில் பெரும்பகுதி மலாயா உள்ளிட்ட ஆசியத் தோட்டங்களிலிருந்தே வந்தது. உலகின் வாய்களுக்குப் பல் கட்ட உதவிய ரப்பர்ப் பாலை வெட்டியவர்களுக்கு அந்த வசதி மிகத் தாமதமாகவே கிடைத்தது. இந்த அநீதியை இவ்வரலாற்றிலிருந்து விலக்க முடியாது. பல் மருத்துவத்துக்கு உதவிய இன்னொரு பாலும் உண்டு: மலாய்க் காடுகளின் தாபான் மரப்பாலான கட்டபார்ச்சா, 1843இல் லண்டனுக்கு அறிமுகமாகி, இன்றும் வேர்ச் சிகிச்சையில் பல்லின் உட்குழாயை அடைக்கப் பயன்படுகிறது.

செய்முறை

பல் பிடுங்கிய புண் ஆறிய பிறகு பணி தொடங்கும். முதல் வருகையில், தட்டில் குழைத்த அல்ஜினேட் மாவை வாயில் வைத்து அச்சு எடுப்பர். இரண்டாவதில், அந்த அச்சிலிருந்து அவருக்கென்றே செய்த தட்டில் துல்லியமான அச்சு. மூன்றாவதில், மெழுகுக் கட்டையைக் கடிக்கச் செய்து தாடைகளின் உயரத்தையும் உறவையும் குறிப்பர். நான்காவதில், மெழுகில் பதித்த பற்களைப் போட்டுப் பார்த்து, பேசச் சொல்லிக் கேட்பர். ஐந்தாவதில் செட் கையில் கிடைக்கும். அதன் பின் உறுத்தும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்ய மீண்டும் வர வேண்டும். மோட்டார் சைக்கிளில் அழைத்து வர ஆளில்லாத முதியவர் இந்த இடைவெளிகளில் நின்றுபோவதுண்டு. உறுத்திய செட் அலமாரிக்குப் போவதற்கு, திருத்தத்துக்கு வராமல் விட்டதும் ஒரு காரணம். முழு செட்டின் கடிவிசை இயற்கைப் பல்லின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், சிறு துண்டுகளாக, இரு பக்கமும் சமமாக மெல்லப் பழக வேண்டும்.

மலிவுக்காக உரிமம் இல்லாதவரிடம் பல் கட்டுவது ஆபத்து. ஈற்றைப் புண்ணாக்கும் செட்டும், சொத்தை வேரை மூடி மறைக்கும் செட்டும் இப்படித்தான் உருவாகின்றன.

வாய்ப்புற்றும் செயற்கை உறுப்பும்

பாக்கும் வெற்றிலைத் தாம்பூலமும், புகையிலை இல்லாமலேயே, புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. மலேசிய மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காடான இந்தியர், வாய்ப்புற்று நோயாளிகளில் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய பங்கினர். புற்றுக்காக மேல்தாடையை அறுத்தெடுத்தவருக்கு வாயும் மூக்கும் ஒன்றாகி, குடிக்கும் நீர் மூக்கில் வரும், பேச்சு புரியாது. அந்தத் துளையை அடைக்கும் தட்டுடன் செய்யும் பல்செட், விழுங்குதலையும் பேச்சையும் மீட்கிறது. பாக்கால் வாயின் உட்சதை இறுகியவருக்கு வாய் திறப்பதே கடினம். அச்சுத் தட்டையும் செட்டையும் பகுதிகளாகச் செய்ய நேரும். செட் அணிந்தவரின் வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் உடனே காட்ட வேண்டும்.

பராமரிப்பும் தடுப்பும்

இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் வைக்க வேண்டும். உறங்கும்போதும் அணிபவருக்கு, குறிப்பாக நீரிழிவுள்ளவருக்கு, அண்ணத்தில் பூஞ்சை படரும். கொதிநீர் அக்ரிலிக்கை வளைக்கும். சாம்பலும் உப்பும் கீறும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே நீர் நிரப்பிய பாத்திரம் இருந்தால், கை நழுவினாலும் சிமென்ட் தரையில் விழுந்து உடையாது. தாடை சுருங்குவதால் சில ஆண்டுகளில் உட்பக்கத்தை நிரப்பவோ புதிதாகச் செய்யவோ வேண்டும்.

நல்ல முறையில் எதிரெதிராக அமைந்த 20 பற்கள் பெரும்பாலோருக்குச் செட் இல்லாமலே போதும். 80 வயதில் 20 பல் என்ற இலக்கை ஜப்பான் 1989இல் வகுத்தது. தோட்டத்திலிருந்து கெர்லிங், ராசா, கோல குபு பாரு பகுதிகளின் குடியிருப்புகளுக்கு மாறிய குடும்பங்களுக்கும் இந்த இலக்கு எட்டக்கூடியதே. ஃபுளோரைடு பற்பசை, சர்க்கரை நோய்க் கட்டுப்பாடு, பாக்கை விடுதல், வலி வருமுன் அரசுப் பல் மருத்துவகத்தில் ஆண்டுச் சோதனை ஆகியவை அதற்கான வழிகள். பல் போய்விட்டவருக்கோ, திருத்தம் முடியும்வரை கூட வரும் ஒரு மகனோ பேத்தியோ இருந்தால் செட் அலமாரியில் கிடக்காது, வாயில் இருக்கும்.