மனை இல்லாதார்க்கு வீடு எங்கே? ஊரக வீட்டு மானியத்தின் ஐம்பதாண்டு வரலாறு

கன்னடத்தில் ‘மனெ’ என்றால் வீடு. பழந்தமிழிலும் ‘மனை’ வீட்டையே குறித்தது. ‘மனைவி’, ‘மனையறம்’ ஆகிய சொற்களில் அப்பொருள் இன்றும் நிற்கிறது. ஆனால் இக்காலத் தமிழில் மனை என்பது வீடு கட்டுதற்குரிய வெற்று நிலம். கன்னட நிருவாகம் அதனை ‘நிவேசன’ என்கிறது. ஊரக ஏழைகளுக்கு அரசு வழங்கும் வீட்டு மானியத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரு பொருள்களும் மீண்டும் மீண்டும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. வீட்டிற்குப் பணம் தரும் திட்டங்கள் பெருகின; அவ்வீட்டை எழுப்ப மனை யாரிடம் இருந்தது என்ற கேள்வி பின்தங்கியது.

தொடக்கத்தில் வரிசை இவ்வாறு இருக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் கேள்வி நிலத்திலிருந்தே தொடங்கியது. வேளாண் கூலிகளுள் பெரும்பாலோர் நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தனர். கூலி உயர்வு கேட்டால் குடிசையை விட்டும் வெளியேற நேரும். ஆகவே குடியிருப்பு உரிமை கூலி உரிமையோடு பிணைந்திருந்தது. 1971இல் தமிழ்நாடு இயற்றிய குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், அவர்கள் குடியிருந்த இடத்தை அவர்களுக்கே உரிமையாக்கியது. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் அதே நோக்கம் கொண்டது. நிலமற்ற ஊரகத் தொழிலாளர்க்கு வீட்டு மனை வழங்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 1971இல் தொடங்கியது. 1974இல் அது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் ஆட்சிக்காலத்தில் மனை வழங்கலும் மக்கள் வீடுகளும் நிலச் சீர்திருத்தத்தோடு சேர்ந்தே பேசப்பட்டன.

1980களில் போக்கு மாறியது. 1985-86இல் இந்திரா ஆவாஸ் யோஜனா, ஊரக நிலமற்றோர் வேலைவாய்ப்பு உறுதித் திட்டத்தின் ஒரு கூறாகப் பிறந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோரே அதன் முதற் பயனாளிகள். 1989இல் ஜவாஹர் வேலைவாய்ப்புத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, 1993-94இல் பிற ஏழைகளுக்கும் விரிவாக்கப்பட்டு, 1996 ஜனவரி முதல் தனித் திட்டமாயிற்று. ஒப்பந்ததாரரை ஈடுபடுத்தக்கூடாது, வீட்டைப் பயனாளியே கட்டவேண்டும், வீடு மனைவியின் பெயரிலோ இருவர் பெயரிலோ பதிவாகவேண்டும் என்பன அதன் நல்விதிகள். எனினும் வேலைவாய்ப்புத் திட்டத்தின் வயிற்றில் பிறந்ததால், வீடு என்பது கட்டுமானச் செலவின் ஓர் அலகாகவே கணக்கிடப்பட்டது. நிலம் அந்தக் கணக்கிற்கு வெளியே நின்றது.

தொகைகளை நோக்கினால் இது விளங்கும். சமவெளிப் பகுதிகளில் ஒரு வீட்டிற்கான உதவி 2008இல் 35,000 ரூபாயாகவும், 2010இல் 45,000 ரூபாயாகவும், 2013இல் 70,000 ரூபாயாகவும், 2016இல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் 1,20,000 ரூபாயாகவும் உயர்ந்தது. மனை வாங்குவதற்கென்று தனி உதவி 2009இல்தான் வந்தது. அது 10,000 ரூபாய். பின்னர் 20,000 ஆனது. சாலையோர ஊர்களில் அத்தொகைக்கு நிலம் கிடைக்குமா என்பதை வாசகரே மதிப்பிடலாம். தமிழ்நாடு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3,50,000 ரூபாய் தருகிறது. தொகையில் இது பெரும் முன்னேற்றம். ஆயினும் குடிசை நிற்கும் இடம் பயனாளிக்குச் சொந்தமாக இருக்கவேண்டும்.

கர்நாடகத்தில் 1991-92இல் ‘ஆச்ரய’ திட்டம் தொடங்கியது. 2000இல் ராஜீவ் காந்தி ஊரக வீட்டு வசதிக் கழகம் பெங்களூரில் அமைக்கப்பட்டது. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு நிலையையும் படமெடுத்துப் பதிவேற்றியபின் தவணைப் பணம் வங்கிக் கணக்கிற்குச் செல்லும் முறை வந்தது. இடைத்தரகரைக் குறைக்க இது உதவியது. ஆனால் முதல் தவணைக்கு முன்னரே கைப்பணமோ கடனோ கொண்டு அடித்தளம் இடவேண்டிய குடும்பத்திற்கு, மானியம் பின்னால் வரும் பணமே.

‘ஆச்ரய’ என்றால் அடைக்கலம். அடைக்கலம் தருபவரின் கருணையைப் பொறுத்தது. அதனோடு ஒப்பிட வேண்டிய சொல் ‘ஹக்குப் பத்ர’, அதாவது உரிமைப் பத்திரம். வருவாய்ப் பதிவேட்டில் ஊர் என ஏற்கப்படாத லம்பாணித் தாண்டா, கொல்லரஹட்டி, ஹாடி போன்ற குடியிருப்புகளுக்காகக் கர்நாடகம் 2016இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி 38அ பிரிவைச் சேர்த்தது. 2023 ஜனவரியில் கலபுரகி மாவட்டம் மள்கேடில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. கன்னட ‘ஹட்டி’ நம் ‘பட்டி’. ‘ஹாடி’ நம் ‘பாடி’. ஊரைக் குறிக்கும் அத்துணைப் பழைய சொற்களால் மக்கள் அழைத்துவந்த இடங்களை ஊர் என்று ஆவணம் ஏற்க இத்தனை காலம் ஆயிற்று. அதுவரை அங்கிருந்தோர் வீட்டு மானியத்திற்கு விண்ணப்பிக்கையில் காட்ட மனைப் பத்திரம் இருக்கவில்லை.

சட்டம் இந்த உறவை முன்பே கண்டிருந்தது. 1995 டிசம்பரில் சமேலி சிங் வழக்கில், தலித் மக்களின் வீட்டு வசதிக்காக உத்தரப்பிரதேச அரசு நிலம் கையகப்படுத்தியதை உச்சநீதிமன்றம் ஏற்றது. உறைவிட உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றும் கூறியது. மனைக்கான வழக்கிலிருந்தே வீட்டிற்கான உரிமை பேசப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஆதலால் இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் அட்டவணையிடாதீர்கள். கிராம சபைப் பயனாளிப் பட்டியல்களில் ‘மனை இல்லை’ என்ற காரணத்தால் நீக்கப்பட்ட, தள்ளிவைக்கப்பட்ட பெயர்களையும் எண்ணுங்கள். மிக வறியவர் பெரும்பாலும் அப்பட்டியலில்தான் இருப்பர். வீட்டு மானியத்தின் எழுதப்படாத வரலாறும் அங்கேதான் இருக்கிறது.