பதினாறு கூறுகளில் ஒரு நாள்

நாட்டை ஆள்வோனுக்கு ஒரு நாள் போதுமா? கருவூலம், நீதி, படை, ஒற்று என்று பல பொறுப்புகள் அவனை ஒருபுறம் இழுக்கும். ஊண், உறக்கம், கல்வி, வழிபாடு ஆகியவை மறுபுறம் காத்து நிற்கும். இவற்றுள் எதற்கு எவ்வளவு பொழுதை ஒதுக்குவது என்னும் வினாவுக்கு நம் நாட்டுப் பழைய நூல் ஒன்று நாழிகைக் கணக்கோடு விடை கூறுகிறது. அதுவே கௌடலியரின் அர்த்தசாஸ்திரம்.

நெடுங்காலம் பிற நூல்களின் மேற்கோள்கள் வாயிலாகவே அறியப்பட்டிருந்த இந்நூலின் ஓலைச்சுவடியை, தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசாங்கக் கீழ்த்திசை நூலகத்துக்கு அளித்தார். அதன் அருமையை உணர்ந்த அறிஞர் ஆர். சாமசாஸ்திரி 1909-ஆம் ஆண்டில் மூலத்தை அச்சிட்டார். 1915-ஆம் ஆண்டில் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வெளிவந்தது. நூலாசிரியர் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சரான சாணக்கியரே என்பது மரபு. நூலின் இன்றைய வடிவம் கிறிஸ்து பிறந்த பின்னர்த் தொடக்க நூற்றாண்டுகளில் அமைந்தது என்பது இக்கால ஆய்வாளர் பலரின் முடிவு.

அரசன் பகலை எட்டுக் கூறாகவும் இரவை எட்டுக் கூறாகவும் பகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது இந்நூல். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் ஒரு கூறு மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். நீர் ஒழுகும் துளையிட்ட குடத்தைக் கொண்டோ, வெயிலில் விழும் நிழலை அளந்தோ பொழுதைக் கணித்தனர். நாழிகை வட்டில் தமிழ்நாட்டுக்கும் புதியதன்று. பாசறையில் இருந்த வேந்தனுக்குப் பொழுது அறிவித்தோரை முல்லைப்பாட்டில் காண்கிறோம்.

பகலின் முதற் கூறில் அரசன் காவல் ஏற்பாடுகளையும் வரவு செலவுகளையும் கேட்பான். இரண்டாவதில் நகரத்தார், நாட்டுப்புறத்தார் ஆகியோரின் வழக்குகளை ஆராய்வான். மூன்றாவது கூறு நீராடவும் உண்ணவும் கற்கவும் உரியது. நான்காவதில் பொன் வருவாயைப் பெற்று, அதிகாரிகளுக்குப் பணி வகுப்பான். ஐந்தாவதில் அமைச்சர் அவைக்கு ஓலை விடுத்து, ஒற்றர் செய்தியை அறிவான். ஆறாவது கூறு மனம் விரும்பியவாறு பொழுதுபோக்குவதற்கோ, ஆலோசனைக்கோ உரியது. ஏழாவதில் யானை, குதிரை, தேர், காலாட்படைகளைப் பார்வையிடுவான்; எட்டாவதில் படைத்தலைவனோடு கலந்து பேசுவான். பின்னர் மாலை வழிபாடு.

இரவிலும் ஒற்றரைக் காணல், உணவு, கல்வி, இசையொலியோடு பள்ளி புகுதல், துயில், விழித்தெழுந்து மறுநாட் கடமைகளைச் சிந்தித்தல், மந்திராலோசனை என ஒவ்வொன்றுக்கும் கூறு உண்டு. இறுதிக் கூறில் புரோகிதரின் வாழ்த்தைப் பெறும் அரசன், மருத்துவனையும் மடைப்பள்ளித் தலைவனையும் சோதிடனையும் கண்ட பின்னரே அவைக்குச் செல்வான். பேரரசின் நிர்வாகத்தை வகுத்த நூல், மன்னனின் உடலையும் உணவையும் மறந்துவிடவில்லை.

துயிலுக்கென விடப்பட்டவை இரண்டே கூறுகள். மூன்று மணி நேரந்தான். எல்லா அரசராலும் இது இயலுமா? ஆசிரியரும் இதனை அறிந்தே இருந்தார். தன் ஆற்றலுக்கு ஏற்ப இரவு பகலை வேறு வகையாகப் பகுத்துக்கொண்டு அரசன் கடமைகளைச் செய்யலாம் என்று உடனே இடம் தருகிறார். கூறுகளின் அளவு மாறலாம். எந்தக் கடமையும் இடமின்றிப் போகலாகாது என்பதே அவர் கருத்து. அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் மிகையாகப் பேணினால், அது தனக்கும் மற்ற இரண்டுக்கும் கேடு செய்யும் என்று பிறிதோரிடத்தில் அவரே எச்சரிக்கிறார். இன்பத்தை அரசன் அறவே துறக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

கவனம் தவறினால் விளைவது யாது? அரசன் சோர்ந்தால் பணியாளரும் சோர்ந்து அவன் காரியங்களை விழுங்கிவிடுவர். காண்பதற்கு அரியவனாக அவன் ஒதுங்கியிருந்தால், அருகிருப்போர் செய்யத் தக்கதையும் தகாததையும் தலைகீழாக்கிவிடுவர். குடிகளின் சினமோ பகைவரின் ஆட்சியோ அதன் முடிவாகும். ஆதலால் அவசரக் காரியத்தைக் கூறுகளுக்காகக் காக்க வைக்காமல் உடனே கேட்க வேண்டும் என்றும் நூல் விதிக்கிறது.

இந்த இறுதி விதியை அசோகர் எவ்வளவு தூரம் கொண்டு சென்றார் என்பதை அவருடைய ஆறாம் பாறைச் சாசனம் காட்டுகிறது. குஜராத்தின் கிர்நாரிலும், ஒடிசாவின் தௌலியிலும், டேராடூனை அடுத்த கால்சியிலும் உள்ள பாறைகளில் அச்சாசனத்தை நாம் இன்றும் காணலாம். தாம் உண்ணும்போதும், அந்தப்புரத்தில் இருக்கும்போதும், பூங்காவில் உலவும்போதும் குடிகளின் காரியத்தைத் தமக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவர் ஆணை. எவ்வளவு உழைத்தும் தமக்கு நிறைவு உண்டாவதில்லை என்றும் அவர் பொறித்திருக்கிறார்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பை நாடி வாழும் நம்மில் பலருக்கு அலுவலும் பயணமுமே பகலின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய பொழுதில் உடல் நலத்துக்கு ஒரு கூறு, நூலுக்கு ஒரு கூறு, ஊரிலுள்ள பெற்றோரை விசாரிக்க ஒரு கூறு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க ஒரு கூறு என்று வகுத்துவைத்தல் நம்மால் இயலாததன்று. கூறு சிறிதாயினும் குற்றமில்லை. படைகளைப் பார்வையிடும் அதே நாளில் மருத்துவனையும் மடைப்பள்ளித் தலைவனையும் காணுமாறு மன்னனுக்குக் கூறிய நூல், நமக்கும் அவ்வளவையே கூறுகிறது.