டெக்சாஸ் மின் நெருக்கடி, 2021

டெக்சாஸ் மின் நெருக்கடி, 2021 என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் கடும் குளிர்காலப் புயலின்போது ஏற்பட்ட பெரும் மின் தடையைக் குறிக்கும். 45 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக நிலையங்களும் மின்சாரத்தை இழந்தன. மாநில சுகாதாரத் துறையின் கணக்கின்படி புயல் தொடர்பாக 246 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கடுங்குளிரால் இறந்தவர்கள்.

== பின்னணி ==
டெக்சாஸின் மின் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எர்காட் எனப்படும் மின் நம்பகத்தன்மை மன்றத்தின் கட்டமைப்பு நிறைவு செய்கிறது. இது அண்டை மாநிலங்களுடன் சில சிறிய இணைப்புகளை மட்டுமே கொண்டது. எனவே இதன் மின் வணிகமும் விலையும் பெரும்பாலும் நடுவண் ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதில்லை. எர்காட்டை மேற்பார்வையிடும் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர்களை மாநில ஆளுநர் நியமிக்கிறார். அங்கு ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர் ஆவார். எரிவளித் துறையைக் கண்காணிப்பது, தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் கொண்ட இருப்புப்பாதை ஆணையம் ஆகும்.

== நிகழ்வுகள் ==
பெப்ரவரி 15 அதிகாலையில் பல மின் நிலையங்கள் அடுத்தடுத்து நின்றன. 60 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அலைவெண் ஏறக்குறைய 59.3 ஆகக் குறைந்தது. அது 59.4க்குக் கீழே ஒன்பது நிமிடம் நீடித்திருப்பின் கட்டமைப்பு முழுவதும் செயலிழந்திருக்கக்கூடும். நான்கரை நிமிடத்திற்குள் மீட்கப்பட்டது. இதற்காக உச்ச அளவில் 20,000 மெகாவாட் மின் வழங்கல் நிறுத்தப்பட்டது. சுழற்சி முறையில் நிகழவேண்டிய மின்வெட்டு, பல இடங்களில் நாட்கணக்கில் நீடித்தது.

== காரணங்கள் ==
ஆளுநர் கிரெக் அபாட் தொடக்கத்தில் காற்றாலை, சூரிய மின்சாரம் ஆகியவற்றைக் குறை கூறினார். ஆயினும் செயலிழந்த மின் நிலையங்களில் பெரும்பாலானவை இயற்கை எரிவளியால் இயங்குபவை என்று நடுவண் ஆய்வு கண்டறிந்தது. கருவிகள் உறைந்தமையும் எரிபொருள் தட்டுப்பாடும் முதன்மைக் காரணங்கள். சில எரிவளி நிலையங்கள் இன்றியமையாதவை எனப் பதிவு செய்யப்படாததால் அவற்றுக்கே மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதனால் மின் நிலையங்களுக்கான எரிபொருள் மேலும் குறைந்தது.

இவ்வாபத்து முன்பே அறியப்பட்டிருந்தது. 2011 பெப்ரவரியிலும் குளிரால் மின்வெட்டு நேர்ந்தது. மின் நிலையங்களைக் குளிர்காப்புச் செய்யுமாறு அவ்வாண்டின் நடுவண் அறிக்கை பரிந்துரைத்தது. மாநிலம் அதைக் கட்டாயமாக்கவில்லை. எர்காட்டில் சேராத எல் பாசோ நகரின் மின் நிறுவனம் 2011க்குப் பின் குளிர்காப்பில் முதலிட்டது. 2021இல் அங்கு பாதிப்பு மிகக் குறைவாக இருந்தது.

== அரசியல் பொறுப்பு ==
2021 மார்ச்சில் பொதுப் பயன்பாட்டு ஆணையர் மூவரும் பதவி விலகினர். எர்காட்டின் தலைமைச் செயல் அலுவலர் நீக்கப்பட்டார். இவர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்கள். குளிர்காப்பைக் கட்டாயமாக்க மறுத்த சட்டமன்றமும், எரிவளித் துறையைக் கண்காணித்த ஆணையமும் இத்தகைய விளைவைச் சந்திக்கவில்லை. 2022 நவம்பரில் அபாட் மீண்டும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2021 சூனில் கையொப்பமான சட்டம் மின் நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. 2023 சூனில் மாநில உச்ச நீதிமன்றம், எர்காட்டுக்கு அரசு அமைப்புகளுக்குரிய வழக்குக் காப்பு உண்டு எனத் தீர்ப்பளித்தது. இதனால் பாதிக்கப்பட்டோர் அதனிடம் நீதிமன்றம் வழியே இழப்பீடு கோரும் வழி பெரிதும் அடைபட்டது. பொறுப்பைக் கேட்கும் இடமாகச் சட்டமன்றமும் தேர்தலுமே எஞ்சின.