ஆற்றுக்குத் தெற்கே ஒரு சோலை

யூபிலி மலரின் ஏனைய பக்கங்களில் நம் ஆலயத்தின் வரலாறும் பங்கின் வளர்ச்சியும் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆலயம் நிற்கின்ற ஊரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்வது நம் கடமை எனக் கருதுகின்றோம். அடையாறு என்றால் நிழல் என்று சென்னைவாசிகள் நினைப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. அந்த நிழல் தானாக வந்ததா, யாரேனும் கொண்டுவந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதற்காரணம் ஆறுதான். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடிவரும் இவ்வாறு, கடலை நெருங்குமிடத்தில் அகன்று உப்பங்கழியாகி, மழையற்ற மாதங்களில் மணல்திட்டினால் வாய் அடைபட்டுக் கிடக்கும். கோட்டையிலிருந்து தெற்கே வர விரும்பியவர்களுக்கு இது பெரும் தடை. 1746-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை ஒரு சிறு பிரெஞ்சுப் படை முறியடித்தது இக்கழிமுகத்தில்தான்.

ஆற்றின் மேற்பகுதியில், சைதாப்பேட்டையில், 1726-இல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனியக் கிறிஸ்தவ வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. மலைக்குச் சென்று செபிப்போர் அப்படிகளில் ஏறும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்ப்பகுதியில், நம் பக்கத்தில், எல்பின்ஸ்டன் பாலம் வந்தது 1840-இல்தான். அதுவரை ஊரூர், பள்ளிப்பட்டு, கோட்டூர் ஆகிய கிராமங்கள் பனையும் மணலும் மீன்வலையுமாக இருந்தன. திருவான்மியூரோ இவை எல்லாவற்றினும் பெயர்பெற்ற பழைய ஊர். அதன் சிவாலயம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம்.

கம்பெனி உத்தியோகஸ்தர்கள் ஆற்றங்கரையில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று ஹடில்ஸ்டன் தோட்டம். 1882-இல் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் இதனை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையகமாக்கினர். அன்று அது சுமார் 27 ஏக்கர். பிறகு பக்கத்துத் தோட்டங்களும் தோப்புகளும் சேர்ந்து 250 ஏக்கருக்கு மேற்பட்டது. அச்சபையின் கொள்கைகள் நமக்கு உடன்பாடல்ல; அதை மறைப்பானேன்? ஆயினும் நன்றி மறத்தல் கிறிஸ்தவனுக்கு அழகல்ல. அந்த 250 ஏக்கரும் மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அடையாறு இன்னொரு கடைத்தெருவாகியிருக்கும். தீண்டாமையினால் பள்ளி வாசலை மிதிக்க முடியாதிருந்த பிள்ளைகளுக்கென ஆல்காட் 1894-இல் இங்கே இலவசப் பள்ளி தொடங்கியதையும் சொல்லவேண்டும். மேல்நாட்டுக் கர்னல் ஒருவர் இதைச் செய்யும் வரை நம்மில் பலர் வகுப்புக்கு வகுப்பு கோவிலில் தனித்தனி இடம் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அச்சபையின் சூழலில் வளர்ந்த ருக்மிணிதேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரம் பின்னர் திருவான்மியூர் மணற்பரப்புக்கு இடம் பெயர்ந்து, அதையும் மரங்களடர்ந்த வளாகமாக்கிற்று. விடுதலைக்குப் பின் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-இல்; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெருமுயற்சியால் 12 படுக்கைகளோடு எழுந்த புற்றுநோய் மருத்துவமனை 1954-இல்; கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்ட ஐ.ஐ.டி. 1959-இல். எஞ்சிய காடு 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஒரு மாநகரத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேய்வது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி.

ஆக, இவ்வூரின் பசுமைக்குப் பெரிய காரணம் பெரிய மதிற்சுவர்களே. வீட்டுக்காரர் மரம் வைத்ததும் உண்மைதான். கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் காந்தி நகரிலும், பின்னர் வீட்டு வசதி வாரியத்தின் மூலம் பெசன்ட் நகரிலும் குடியேறியவர்கள் ஒரு மாமரம், ஒரு வேம்பு, கிணற்றடியில் இரண்டு வாழை என்று வைத்தார்கள். 1973-இல் திரு.வி.க. பாலம் திறந்ததும் நகரம் முழுதாக இக்கரைக்கு வந்துவிட்டது.

தெருவில் நாம் காணும் மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது; மே மாதத்தில் சிவந்து பூக்கும் மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. வேகமாக வளரும், அழகாகப் பூக்கும், புயலுக்கு நிற்காது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் அடித்தபோது இத்தகைய மரங்களே பெருமளவில் சாய்ந்தன. வேம்பும் புங்கமும் நடுங்கள் என்று நாம் பிரசங்கத்திலேயே சொன்னதுண்டு; சிலர் சிரித்தனர், சிலர் நட்டனர். ஆலமரத்துக்கும் புயல் விலக்கு அளிக்கவில்லை. அதன் தாய்மரம் 1989-இல் சாய்ந்தது. விழுதுகளால் இன்று நிற்கிறது.

இப்போதைய நிலை நாம் அனைவரும் அறிந்ததே. தாத்தா கட்டிய வீட்டைப் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடிக்காரரிடம் கொடுக்கிறார்கள். நாம் யாரையும் குறை சொல்லவில்லை; நாலு பேருக்குப் பங்கு பிரிக்க வேறு வழி என்ன? ஆனால் மாமரம் போகிறது, கிணறு மூடப்படுகிறது, முற்றம் முழுவதும் சிமெண்டு. கடற்கரை மணலில் மழைநீர் இறங்காவிட்டால் உப்புநீர் உள்ளே வரும். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இதனால்தான். குழாய் வைத்துவிட்டுத் தொட்டியைத் தூர்வாராத வீடுகள் நம் பங்கிலும் உண்டு.

இன்னுமொன்று. இவ்வூரின் மரங்களுக்கு நீர் ஊற்றியவர்கள் பெரும்பாலும் அம்மரங்களுக்கு உரியவர்கள் அல்லர். தோட்டக்காரர்களும் சுமை தூக்குவோரும் வீட்டுவேலை செய்யும் தாய்மாரும் குப்பத்திலும் ஆற்றங்கரைக் குடிசைகளிலும் வாழ்ந்தார்கள். அங்கே நிழல் குறைவு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு கரைபுரண்டபோது முதலில் நீர் புகுந்தது அவர்கள் வீட்டில்தான். வெள்ளம் வடிந்தபின் கரையோரத்தார் பலர் நகருக்கு வெகு தெற்கே பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டனர். மாடி வீடு கிடைத்தது, உண்மை. வேலையும் பள்ளியும் இங்கேயே இருந்தன. அங்கிருந்து ஞாயிறு முதற்பூசைக்கு இரண்டு பேருந்து மாறி வருகின்ற குடும்பங்கள் இன்றும் நம் பங்கில் உள்ளன. பங்குக் குடும்ப அட்டையில் அவர்கள் பழைய முகவரியை மாற்றவில்லை. மாற்றச் சொல்ல நமக்கும் மனம் வரவில்லை.